இன்னொரு நியூட்டன்

நியூட்டன் என்றதும் நம் கல்லூரிக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆப்பிள் மரமும், மூன்று விதிகளும், பரீட்சைக்கு முந்தின இரவில் அந்த விதிகளோடு பட்ட பாடும்தான். அந்த ஐசக் நியூட்டன் 1727ல் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1725 ஜூலையில், லண்டனின் துறைமுகப் பகுதியான வாப்பிங்கில் இன்னொரு நியூட்டன் பிறந்தார். இவர் பெயர் ஜான். இவர் எந்த விதியையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இவர் எழுதிய 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலைக் கேட்காத கிறிஸ்தவர்கள் குறைவு. கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அதன் மெட்டையாவது எங்காவது கேட்டிருப்பார்கள்.

இவரைப் பற்றி ஞாயிறு பள்ளியிலும் கன்வென்ஷன் பந்தலிலும் நம்மில் பலர் கேட்ட கதை இதுதான். ஜான் நியூட்டன் ஒரு கொடிய அடிமை வியாபாரி. ஒருநாள் நடுக்கடலில் புயல் அடித்தது. கடவுளை நோக்கிக் கதறினார், பிழைத்தார். கரை ஏறியதும் அந்தப் பாவத் தொழிலை உதறித் தள்ளிவிட்டு அந்தப் பாட்டை எழுதினார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அப்படி இல்லை. புயலில் அகப்பட்டது அடிமைக் கப்பலே அல்ல. அடிமைக் கப்பலுக்கு அவர் கேப்டன் ஆனதே புயலுக்குப் பிறகுதான். அந்தத் தொழில் பாவம் என்று ஊரறிய அவர் எழுதியது புயலடித்து 40 ஆண்டுகள் கழித்து.

இதைச் சொல்வதால் அவர் பெயரைக் கெடுப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். இந்த 40 ஆண்டுகளை விட்டுவிட்டால் மனந்திரும்புதல் என்பது ஒரு ராத்திரி சமாச்சாரமாகப் போய்விடும். கீழ்ப்படிதல் என்ற மற்ற பாதி நம் கண்ணிலேயே படாது. அதனால்தான் அவர் கதையை முழுசாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று இந்த மலருக்கு எழுதுகிறேன்.

கடலுக்குப் போன பிள்ளை

ஜானின் தகப்பனார் வணிகக் கப்பலின் தலைவர். வருஷத்தில் பாதி நாள் மத்தியதரைக் கடலில் இருப்பார். தாயார் எலிசபெத் பக்தியுள்ளவர், நோயாளி. மகன் ஒருநாள் ஊழியக்காரனாக வேண்டும் என்ற ஆசையில் வேதவசனங்களையும் வினாவிடையையும் ஞானப்பாட்டுகளையும் மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஜானுக்கு ஏழு வயது நிறையுமுன்பே, 1732ல், காசநோய் அந்தத் தாயைக் கொண்டுபோய்விட்டது. தகப்பனார் மறுமணம் செய்துகொண்டார். பதினோரு வயதில் பையன் தகப்பனாரோடு கப்பல் ஏறினான்.

வாலிபத்தில் அவர் யாருக்கும் அடங்கவில்லை. ஜமைக்காவில் நல்ல வேலை ஏற்பாடாகியிருந்தது. புறப்படுமுன் கென்ட் பகுதியில் தாயாரின் சிநேகிதி வீட்டுக்குப் போனவர், அந்த வீட்டுப் பெண் மேரி கேட்லெட்டைப் பார்த்ததும் ஊருக்குத் திரும்ப மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார். கப்பல் போய்விட்டது. 1744ல் கடற்படைக்கு ஆள்பிடிக்கும் கும்பல் அவரைப் பிடித்து ஹார்விச் என்ற போர்க்கப்பலில் ஏற்றியது. தகப்பனாரின் சிபாரிசால் அதில் சின்ன அதிகாரப் பதவி கிடைத்தது. அதையும் காப்பாற்றிக்கொள்ளாமல் தப்பி ஓடினார், பிடிபட்டார். எல்லார் முன்னாலும் சவுக்கடி கொடுத்துச் சாதாரண மாலுமியாக இறக்கினார்கள்.

அந்த ஹார்விச் கப்பல் இந்தியாவுக்குப் போகப் புறப்பட்டது. 1746ல் நம் நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த கடற்சண்டையில் அதுவும் இருந்தது. ஆனால் அதில் நியூட்டன் இல்லை. வழியில் மடெய்ரா தீவில், ஆப்பிரிக்கா போகும் வணிகக் கப்பல் ஒன்றுக்குத் தன்னை மாற்றிவிடும்படி கெஞ்சி மாறிக்கொண்டார். தன்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத இடத்துக்குப் போனால் இஷ்டம்போல் இருக்கலாம் என்பதுதான் காரணம். இதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அந்நாட்களில் அவருக்குக் கடவுள் நம்பிக்கை சுத்தமாக இல்லை. தான் நம்பாதது போதாதென்று அடுத்தவன் நம்பிக்கையையும் பிடுங்கிப்போடுவார். அவர் வாயிலிருந்து வரும் தூஷணத்தைக் கேட்டு மாலுமிகளே முகம் சுளிப்பார்களாம்.

மணலில் யூக்ளிட்

மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய சியரா லியோன் கரையை ஒட்டிய பிளான்டைன் தீவுகளில், ஒரு வெள்ளைக்கார அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். சீக்கிரம் பணக்காரன் ஆகலாம் என்று எண்ணம். நடந்தது நேர்மாறு. கடும் காய்ச்சல் வந்தது. எஜமானின் ஆப்பிரிக்க மனைவிக்கு இவரைக் கண்டாலே ஆகாது. குடிக்கத் தண்ணீரும் சாப்பிட உணவும் சரியாகக் கிடைக்கவில்லை. அப்போது, சங்கிலியில் கட்டப்பட்டு விற்பனைக்குக் காத்திருந்த அடிமைகள் தங்களுக்குக் கிடைத்த கொஞ்ச உணவில் ஒரு பங்கை யாருக்கும் தெரியாமல் இவருக்குக் கொடுத்தார்கள். வாசகர்கள் இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர்கள் ரசிக்கக்கூடிய ஒரு செய்தியும் இந்தக் கட்டத்தில் உண்டு. அவரிடம் இருந்த ஒரே புத்தகம் யூக்ளிடின் ஜியோமிதி. உடுத்த நல்ல துணி இல்லாத அந்த நிலையிலும் கடற்கரைக்குப் போய், நீளக் குச்சியால் மணலில் படம் வரைந்து, முதல் ஆறு புத்தகங்களையும் தானாகவே படித்து முடித்தார். போர்டு இல்லை, வாத்தியார் இல்லை. அறிவு அவரிடம் குறைவாக இருந்ததே இல்லை. வழி தவறியவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்கள் என்று நாம் நினைத்துவிடக் கூடாது.

மகனைத் தேடிக் கூட்டிவரும்படி தகப்பனார் சொல்லியனுப்பிய கிரேஹவுண்ட் என்ற கப்பல் கடைசியில் அவரைக் கண்டுபிடித்தது. அது தந்தமும், தேன்மெழுகும், சாய மரமும், பொன்னும் வாங்கும் கப்பல்.

புயலும் பம்பும்

1748 மார்ச் 21. வட அட்லாண்டிக் கடல். நள்ளிரவில் பேரலை ஒன்று கப்பலின் ஒரு பக்கத்தை உடைத்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மேல்தளத்துக்கு ஓடிய நியூட்டனைக் கேப்டன் நிறுத்தி, ஒரு கத்தி எடுத்து வரச் சொன்னார். அவர் திரும்பிய அந்தக் கணத்தில் அவருக்குப் பதிலாக மேலே போனவரை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. விடியுமுன் தொடங்கி நண்பகல்வரை பம்பு அடித்தார். உடைந்த இடத்தைத் துணியாலும் படுக்கையாலும் அடைத்தார்கள். கொஞ்சம் படுத்து எழுந்து, பிற்பகலிலிருந்து நள்ளிரவுவரை சுக்கானைப் பிடித்தார். கப்பலில் இருந்தது மெழுகும் மரமுமாக இருந்ததால், அதாவது தண்ணீரைவிட லேசான சரக்காக இருந்ததால், அது மூழ்காமல் மிதந்தது.

அந்த வேலைக்கு நடுவே தன்னை அறியாமல் அவர் வாயிலிருந்து இரக்கம் கேட்டு ஒரு வார்த்தை வந்தது. வந்த மறுகணமே அவர் திடுக்கிட்டுப் போனார். இத்தனை நாள் கேலி செய்தவனுக்கு இரக்கம் எப்படிக் கிடைக்கும் என்ற கேள்வி சுக்கான் பிடித்த அத்தனை மணிநேரமும் அவரை விடவில்லை. தாய் சொல்லிக்கொடுத்த வசனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஏப்ரல் 8ஆம் தேதி அயர்லாந்தின் லஃப் ஸ்வில்லியில் நங்கூரம் போட்டபோது கப்பலில் மிச்சமிருந்த கடைசி உணவு பானையில் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் காற்று மறுபடி பலமாக வீசியது. இன்னும் கடலில் இருந்திருந்தால் அந்த ஓட்டைக் கப்பல் தாங்கியிருக்காது.

மார்ச் 21ஆம் தேதியைச் சாகும்வரை ஆண்டுதோறும் ஜெபத்தோடு நினைவுகூர்ந்தார். தூஷணம் நின்றது. ஜெபமும் வேத வாசிப்பும் தொடங்கின. ஆனால் முழு அர்த்தத்தில் அப்போதே விசுவாசி ஆகிவிட்டதாகத் தன்னைச் சொல்ல முடியாது என்று அவரே பின்னாளில் எழுதினார். பந்தலில் சொல்லும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். அவர் வாழ்க்கையோ இங்கேதான் தொடங்கியது.

ஜெபிக்கும் கேப்டன்

அதே 1748ல் பிரவுன்லோ என்ற அடிமைக் கப்பலில் முதல் துணை அதிகாரியாகப் போனார். பழைய பழக்கங்கள் திரும்பி வந்தன. ஆப்பிரிக்கக் கரையில் காய்ச்சலில் விழுந்தபோது மறுபடியும் தேவனிடம் திரும்பினார். 1750 பிப்ரவரியில் தான் இத்தனை நாள் நேசித்த மேரியை மணந்தார். அதன் பிறகு 1750க்கும் 1754க்கும் இடையே, டியூக் ஆஃப் ஆர்கைல் கப்பலில் ஒரு முறையும் ஆஃப்ரிக்கன் என்ற கப்பலில் இரண்டு முறையும், ஆக மூன்று பயணம், அடிமைக் கப்பலின் கேப்டனாகவே போனார்.

அந்தப் பயணங்களில் அவர் எப்படி இருந்தார்? நல்ல கேப்டன் என்று பெயர். குடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். தினமும் வேதம் வாசித்தார், லத்தீன் படித்தார், மனைவிக்கு அன்பான கடிதங்கள் எழுதினார். காலுக்குக் கீழே, கப்பலின் அடித்தளத்தில், விலங்கு போட்ட மனிதர்கள் புரண்டு படுக்க இடமில்லாமல் கிடந்தார்கள். கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்டு, உண்மையை வரவழைக்கச் சில சிறுவர்களின் விரலைத் திருகில் வைத்து நெரித்ததையும் அவரே கப்பல் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒருகாலத்தில் அவருக்குத் தங்கள் கஞ்சியில் பங்கு கொடுத்தார்களே, அந்த மக்கள்தான் இவர்கள்.

இது எப்படி முடிந்தது என்று நமக்கு வயிறு எரிகிறது. ஆனால் அன்றைய இங்கிலாந்தில் இது மரியாதையான தொழில். லிவர்பூல் வியாபாரிகள் இதில் பங்கு போட்டார்கள். சட்டம் தடுக்கவில்லை. சபைக்குப் போகிறவர்களே முதலாளிகள். குடி, தூஷணம், விபசாரம் எல்லாம் பாவம் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அவற்றை விட்டார். அடிமை வியாபாரத்தைப் பாவம் என்று அவரைச் சுற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் அதை விடவில்லை. சிறைக் காவலன் வேலை மாதிரி இருக்கிறதே என்று ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. வேறு நல்ல தொழில் கொடுக்கும்படி ஜெபித்தும் வந்தார். ஆனால் விட்டுவிட வேண்டும் என்று தோன்றவில்லை.

கடைசியில் அவரை நிறுத்தியது மனசாட்சி அல்ல, வியாதி. 1754 நவம்பரில், நான்காம் பயணத்துக்குப் புறப்படச் சில நாட்களே இருக்கும்போது, மனைவியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வலிப்பு போல வந்து விழுந்தார். இனிமேல் கடல் கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். அடுத்த ஆண்டு லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியானார். அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோகக் கப்பலில் ஏற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் ஒன்றேகால் கோடிப் பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கப்பல் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஜெபிக்கும் ஒரு கேப்டனின் மூன்று பயணங்களும் சேர்ந்துதான் இருக்கின்றன.

முதல் புத்தகமும் பாட்டும்

லிவர்பூலில் கிரேக்கமும் எபிரெயமும் சொந்த முயற்சியில் படித்தார். குருப்பட்டம் கேட்டு 1758ல் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டமில்லாத மாலுமிக்கு அது சுலபமாகக் கிடைக்குமா? ஆறு ஆண்டுகள் காத்திருந்து, டார்ட்மவுத் பிரபுவின் ஆதரவால் 1764ல் குருப்பட்டம் பெற்று ஓல்னி என்ற சிற்றூருக்குப் போனார். லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் நிறைந்த ஊர். பிள்ளைகளுக்குத் தனிக் கூட்டம், ஜெபக்கூட்டம், வீடு வீடாகச் சந்திப்பு என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். இடம் போதாமல் கோயிலுக்குள் மாடம் கட்ட வேண்டியதாயிற்று. மனநோயால் அடிக்கடி உடைந்துபோன கவிஞர் வில்லியம் கூப்பர் அங்கே அவருக்கு அயலார். 1773ல் கூப்பர் மிகவும் மோசமானபோது, ஒரு வருஷத்துக்கு மேல் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த 1773 புத்தாண்டு ஆராதனைக்காக எழுதப்பட்டதுதான் 'அமேசிங் கிரேஸ்'. தாவீது ராஜா தன்னை இதுவரை கொண்டுவந்த தேவனை நினைத்து வியந்து நிற்கும் நாளாகமப் பகுதி அன்றைய பிரசங்கத்துக்கு ஆதாரம். 1779ல் நியூட்டனும் கூப்பரும் எழுதிய 348 பாடல்கள் 'ஓல்னி ஹிம்ஸ்' என்று புத்தகமாக வந்தன. இன்று நாம் பாடும் மெட்டு 1835ல்தான் அமெரிக்காவில் அந்தப் பாடலோடு சேர்ந்தது. ஆசிரியர் அதைக் கேட்டதே இல்லை.

குருவான அதே 1764ல் தன் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டிருந்தார். அது நன்றாக விற்றது. தகப்பனாருக்கு அடங்காதது, ஓடிப்போனது, தூஷணம், ஒழுக்கக்கேடு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதினார். நிஜமான அறிக்கை, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் அடிமை வியாபாரம் பாவங்களின் பட்டியலில் இல்லை. அது அவர் பார்த்த உத்தியோகம் என்ற அளவில்தான் வருகிறது. 1774ல் ஜான் வெஸ்லி அடிமைத்தனத்தைக் கண்டித்து எழுதினார். குவேக்கர்கள் அதற்கும் முன்பே பேசத் தொடங்கியிருந்தார்கள். ஓல்னி போதகர் அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஒளிந்து வந்த விருந்தாளி

1780ல் லண்டன் நகரத்தின் நடுவே, லொம்பார்ட் தெருவில் உள்ள செயின்ட் மேரி வுல்நாத் ஆலயத்துக்கு மாற்றம் கிடைத்தது. பாங்க் முதலாளிகளும் வியாபாரிகளும் நிறைந்த தெரு. 1785 டிசம்பரில் ஒரு வாலிபர் அவரைத் தேடி வந்தார். தன் வரவு யாருக்கும் தெரியக்கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்தவர். 26 வயது. பார்லிமெண்ட் உறுப்பினர், பிரதமர் பிட்டின் நெருங்கிய நண்பர், பெயர் வில்லியம் வில்பர்போர்ஸ். அவர் மனந்திரும்பியிருந்தார். இனி அரசியலில் இருக்கலாமா, அதைத் துறந்துவிட்டு ஊழியத்துக்குப் போகவேண்டுமா என்று குழம்பியிருந்தார்.

போதகர் என்றால் உடனே ஊழியத்துக்கு வா என்றுதான் சொல்வார் என எதிர்பார்ப்போம். நியூட்டன் அப்படிச் சொல்லவில்லை. இருக்கிற இடத்திலேயே இருந்து தேவனுக்கு உண்மையாக வேலை செய் என்பதுதான் அவர் கொடுத்த ஆலோசனையின் சாரம். கீழ்ப்படிதல் என்றாலே வேலையை ராஜினாமா செய்வது என்று நினைக்கும் நம் மாணவத் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்க வேண்டும். சிலருக்குக் கீழ்ப்படிதல் என்பது விட்டுவிடுவது. சிலருக்கு அது இருந்த இடத்தில் நிலைத்து நிற்பது. 1796ல் வில்பர்போர்ஸ் மறுபடி சோர்ந்தபோதும் அதே ஆலோசனையைக் கடிதத்தில் எழுதினார்.

1787ல் அடிமை வியாபாரத்தை ஒழிக்க லண்டனில் ஒரு குழு கூடியது. வில்பர்போர்ஸ் பார்லிமெண்டில் அந்த வழக்கைக் கையில் எடுத்தார். எதிர்த்தரப்பு பலமானது. அடிமைகள் கப்பலில் சௌகரியமாகத்தான் வருகிறார்கள் என்று கூசாமல் சொன்னார்கள். உள்ளே இருந்து பார்த்த ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டாம் புத்தகம்

இப்போது நியூட்டனுக்கு 62 வயது. லண்டனில் மதிப்புள்ள போதகர். பாடலாசிரியர். அவருடைய மனந்திரும்பிய கதை ஏற்கனவே அச்சில் வந்து, பலர் படித்துக் கண்ணீர் விட்டதாக இருக்கிறது. பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1788 ஜனவரியில், ஆப்பிரிக்க அடிமை வியாபாரம் பற்றிய தன் எண்ணங்கள் என்ற தலைப்பில் தன் பெயரைப் போட்டே ஒரு சிறு நூல் வெளியிட்டார்.

அதில் தன்னை வெளியே நிறுத்திக்கொண்டு பிறரைத் திட்டவில்லை. தான் செய்த தொழில் இது, இதை ஊரறிய அறிக்கையிடுவது தன் மனசாட்சியின் கடன், இந்த அறிக்கை காலம் கடந்து வருகிறது, அது நடந்த தீங்கை மாற்றாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டார். பிறகு கணக்குப் பார்த்து எழுதினார். ஒரு கப்பலில் எத்தனை பேரை அடைப்பார்கள், தளத்துக்கும் தளத்துக்கும் எவ்வளவு உயரம், விலங்கு எப்படிப் பூட்டப்படுகிறது, எவ்வளவு பேர் வழியில் சாகிறார்கள், பெண்களை மாலுமிகள் என்ன செய்கிறார்கள், இந்தத் தொழில் செய்கிறவன் மனம் எப்படி மரத்துப்போகிறது என்று ஒன்றையும் விடவில்லை. ஒழிப்புக் குழுவினர் அதை வாங்கிப் பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்கு அனுப்பினார்கள். அந்த ஆண்டே அரசரின் ஆலோசனைக் குழு முன்பும், 1790ல் மக்கள் சபையின் குழு முன்பும் நேரில் நின்று சாட்சி சொன்னார். 1790 டிசம்பரில் மேரி புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்திலும் மேடையை விடவில்லை. மனைவியின் அடக்க ஆராதனைப் பிரசங்கத்தை அவரே செய்தார்.

1791ல் மசோதா 163க்கு 88 என்று தோற்றது. மறுபடி மறுபடி தோற்றது. 1807 பிப்ரவரியில் 283க்கு 16 என்று மக்கள் சபையில் வென்றது. மார்ச் 25ல் சட்டமானது. பார்வை மங்கி, ஞாபகம் தளர்ந்து படுக்கையில் இருந்த நியூட்டன் அந்தச் சட்டத்தைக் காண உயிரோடு இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 21ல், 82ஆம் வயதில் காலமானார். அடிமைகள் விடுதலையாவதற்கான சட்டம் வர 1833 ஆயிற்று.

அவருடைய பிரசங்கம் கேட்டுத் திரும்பியவர்களில் ஒருவர் நம் மண்ணிலும் கால் வைத்தார். கிளாடியஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து வாலிபர், ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்கிறேன் என்று வீட்டாருக்குப் பொய்க் கடிதம் எழுதிக்கொண்டே லண்டனில் அலைந்தவர். நியூட்டனின் செய்தி கேட்டபின் தாயாரிடம் உண்மையைச் சொன்னார். கேம்பிரிட்ஜில் படித்து, 1797ல் கல்கத்தா வந்தார். 1806ல் தரங்கம்பாடி, தஞ்சாவூர் வழியாகக் கேரளம்வரை பயணம் செய்தார். மலையாள வேதாகம மொழிபெயர்ப்புக்கு அந்தப் பயணம் தூண்டுதலாயிற்று.

நமக்கு என்ன?

ஒரே மனிதர் தன் மனந்திரும்புதலை இரண்டு முறை எழுதினார். 1764ல் எழுதியது, சுற்றியிருந்த எல்லாரும் பாவம் என்று சொன்னதைப் பற்றி. 1788ல் எழுதியது, எல்லாரும் தொழில் என்று சொன்னதைப் பற்றி. முதலாவதை எழுதியதால் அவருக்கு நல்ல பெயர் வந்தது. இரண்டாவதை எழுத இருந்த நல்ல பெயரைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. அவர் கடவுளுக்கு முழுசாகக் கீழ்ப்படிந்தது இரண்டாவதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது. இத்தனை ஆண்டு தினமும் வேதத்தின் முன் உட்கார்ந்த மனம்தான், வெளிச்சம் வந்தபோது ஜன்னலைச் சாத்தவில்லை.

சகேயுவுக்குத் தான் ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க வழி இருந்தது. நியூட்டனுக்கு அந்த வழி இல்லை. விற்கப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் எப்போதோ மாண்டிருந்தார்கள். மனந்திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். கையில் மிச்சமிருந்தது அவர் பார்த்த உண்மை ஒன்றுதான். அதைக் கொடுத்தார்.

நம் தொழிலிலும் எல்லாரும் செய்வதுதான் என்ற பெயரில் நடப்பவை இல்லையா? போகாத சைட்டுக்குக் கையெழுத்து, மெஷர்மெண்ட் புக்கில் ஏறாத கம்பிக்கு ஏற்றிய அளவு, பில்லுக்கு இத்தனை சதவீதம் என்ற மாமூல். வேலைக்கு வெளியே வந்தால், ஆலயத்தில் மணி அடித்து ஜெபத்தோடு நடக்கும் கல்யாணத்துக்குப் பின்னால் பேசி முடித்த வரதட்சணை, பெண் பார்க்கும்போது மெதுவாகக் கேட்கப்படும் ஜாதி. இவற்றை யாரும் பாவ அறிக்கை ஜெபத்தில் சொல்லி நான் கேட்டதில்லை. குடியையும் சினிமாவையும் பற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கட்டடத்தில் விரிசல் கண்டால் மேலே பூசிவிட்டுப் போகிறவனை நாம் இஞ்சினியர் என்று ஒத்துக்கொள்வதில்லை. அஸ்திவாரத்தில் என்ன கோளாறு என்று தோண்டிப் பார்க்கச் சொல்கிறோம். நம் வாழ்க்கைக்கும் அதே நியாயம்தான்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இன்னும் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. ஏறியபின் இறங்குவது கஷ்டம். சம்பளம், வீட்டுக் கடன், பெயர் எல்லாம் சேர்ந்து காலைக் கட்டிவிடும். ஏறுமுன்பே அடித்தளத்தில் என்ன சரக்கு இருக்கிறது என்று குனிந்து பார்த்துவிடுங்கள். என்னைப் போல வேலையில் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிவிட்டவர்களுக்கும், தலை நரைத்த மூத்தவர்களுக்கும் நியூட்டன் வேறொன்று சொல்கிறார். 62 வயதிலும் நேரம் இருக்கிறது. தாமதமான கீழ்ப்படிதலைத் தேவன் வேண்டாம் என்று தள்ளவில்லை.

தன் கல்லறைக்கான வாசகத்தையும் நியூட்டனே எழுதி வைத்துப் போனார். புகழைப் போடவில்லை. ஒருகாலத்தில் தேவனை மறுத்தவன், ஆப்பிரிக்காவில் அடிமைகளின் கீழே வேலை செய்தவன் என்பதை முதலில் போட்டு, பிறகுதான் கிருபையால் போதகனானதைச் சொன்னார். அவரும் மேரியும் முதலில் லண்டன் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டு, 1893ல் ஓல்னிக்கு மாற்றப்பட்டார்கள். அடுத்த முறை நம் கல்லூரி ஆலயத்தில் அந்தப் பாடலைப் பாடும்போது, அது புயல் முடிந்த மறுநாள் எழுதியது அல்ல என்பதையும், அதை எழுதியவர் இன்னும் 15 ஆண்டுகள் நடக்க வேண்டியிருந்தது என்பதையும் நினைத்துக்கொண்டு பாடுவோம்.